மன்னித்துவிட்டார், சரி, வளையல்?

சிங்கப்பூரில் ஒரு மெதடிஸ்ட் சபையில் வேதபாட வகுப்பு எடுப்பவன் நான். மன்னிப்பைப் பற்றி வகுப்பில் பேசியபின் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. பெயர்களை எடுத்துவிட்டேன்.

உட்லண்ட்ஸ் தம்பி: அண்ணே, சூதாட்டக்கூடத்தில் விட்ட பணத்துக்காக மனைவியின் வளையல்களை அடகு வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. அழுது ஜெபித்துவிட்டேன். கடவுள் மன்னித்த பிறகும் அவளிடம் சொல்லணுமா?

மன்னித்துவிட்டார் தம்பி. பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. ஆனால் வளையல் இன்னும் அடகுக்கடையில்தானே இருக்கிறது?

லூக்கா 19-இல் சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னபோது அவன் யாருக்கும் ஒரு காசுகூடத் திருப்பித் தந்திருக்கவில்லை. கிருபைதான் முந்திக்கொண்டது. அதன்பிறகு, யாரும் கேட்காமலேயே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்கிறான். பாவத்தை ஒப்புக்கொண்டு திருப்பித் தருகிறவனிடம் மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்டது முதலும் ஐந்தில் ஒரு பங்கும்தான் (எண்ணாகமம் 5:7). மன்னிப்பை வாங்க அவன் பணம் கட்டவில்லை. மன்னிப்பு கிடைத்ததால் கை தாராளமாகிவிட்டது.

அதனால் மனைவியிடம் சொல்லுங்கள். அடகுச்சீட்டையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். 'கடவுளே மன்னித்துவிட்டார், உனக்கென்ன' என்று மட்டும் வசனம் பேசாதீர்கள். அவருக்கு நேரம் வேண்டும். அப்புறம், சூதாட்டக்கூடத்துக்குள் நம்மை விடாதபடி நாமே பதிந்துகொள்ளும் வசதி சிங்கப்பூரில் இருக்கிறது. இன்றே பதியுங்கள். ஜெபத்துக்கு அது போட்டியில்லை.

தேசிய சேவையில் இருக்கும் பையன்: எப்படியும் மன்னிப்பார் என்றால் சனிக்கிழமை ஆடிவிட்டு ஞாயிறு மன்னிப்புக் கேட்டால் போச்சு, இல்லையா அங்கிள்?

ரோமர் 6-இன் தொடக்கத்தில் பவுல் எழுப்பும் கேள்வியே இதுதான். அவர் பதில்: "கூடாதே." முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்வதற்கு மனந்திரும்புதல் என்று பெயரில்லை. வெறுத்துக்கொண்டே மறுபடி மறுபடி விழுகிறவன் கதை வேறு. ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று கேட்ட பேதுருவிடம் எழுபதுதரம் ஏழு மன்னிக்கும்படி சொன்னவர், தாம் மட்டும் ஏழோடு நிறுத்திக்கொள்வாரா?

தெம்பனீஸ் அக்கா: மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயம். தூக்கமே இல்லை.

மாற்கு 3-ஐ முழுசாகப் படியுங்கள் அக்கா. இயேசு பேய்களைத் துரத்துவதைக் கண்ணால் கண்டும், பிசாசுகளின் தலைவனாலே செய்கிறார் என்று சாதித்த வேதபாரகரிடம், அதாவது வேதச்சட்ட அறிஞரிடம், அவர் சொன்ன வார்த்தை அது. அவர்கள் பயப்படவில்லை. நீங்கள் பயப்படுகிறீர்களே, அதுவே போதும். தூக்கமில்லாதது தொடர்ந்தால் மருத்துவரையும் பாருங்கள்.

ஒரு தாய்: மகன் சாங்கி சிறையிலிருந்து வந்துவிட்டான். சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு வரக் கூசுகிறான். வரலாமா?

நம் மெதடிஸ்ட் சபையில் தாராளமாக வரலாம். சுத்தமானவர்களுக்குத் தரும் பரிசாகத் திருவிருந்தை மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பார்க்கவில்லை. பாவியைத் தேவனிடம் திருப்பும் வழியாகவே பார்த்தார். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது. எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றி இல்லை, நம் ஆட்களைப் பற்றித்தான். இயேசு சொன்ன கதையில் வீடு திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைத்தபோது உள்ளே வராமல் வாசலில் கோபித்து நின்ற அண்ணன் எல்லாச் சபையிலும் இருக்கிறான். 'எத்தனை வருஷம், என்ன கேஸ்' என்று ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசையில் கேட்பான். இந்த ஞாயிறு உங்கள் மகனோடு நான் உட்காருகிறேன். ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன், அழைத்து வாருங்கள்.