வாசகர் கேள்வி பதில்: விழுந்த மரத்தில் படரும் பொருக்குப் பூஞ்சை

கேள்வி: அமிர்தி காட்டுப் பக்கம் மழை விட்டதும் பார்த்தால், விழுந்து கிடக்கும் கிளைகளின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. இது கல்பாசியா, காளானா? எங்கள் மாந்தோப்புக்குப் பரவுமா?
– வாசகர், கணியம்பாடி

பதில்: பெரும்பாலும் பொருக்குப் பூஞ்சைதான். குடையும் தண்டும் இல்லாமல் மரத்தோடு தோலாக ஒட்டி வளரும் காளான் வகை இது. நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கல்பாசி. அதற்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும் என்பதால் அது வெளிச்சம் படும் பக்கத்தில்தான் இருக்கும். பூஞ்சைக்கு வெயில் தேவையில்லை. ஈரம் தங்கும் அடிப்பக்கமே அதற்கு வசதி, வித்துகளும் அங்கிருந்து தடையில்லாமல் உதிரும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். சில வழவழப்பாக இருக்கும், சிலவற்றில் மெழுகு வழிந்ததுபோல மடிப்புகள், சிலவற்றில் பொடிப் பற்கள். பார்க்க அவ்வளவு அழகு!

கட்டையைப் புரட்டும்போது குச்சியால் உங்கள் பக்கமாக இழுங்கள். அடியில் தேளோ பாம்போ இருந்தால் அந்தப் பக்கம் ஓடிவிடும். பார்த்ததும் பழையபடி கவிழ்த்து வையுங்கள். மல்லாந்து கிடந்தால் பொருக்கு காய்ந்து போகும். மரத்துக்கு உறுதி தரும் பொருளான லிக்னினைச் சிதைக்கும் திறன் மிகச் சில உயிர்களுக்கே உண்டு, பொருக்குப் பூஞ்சைகளில் பலவும் அந்த வேலையைச் செய்பவை. கட்டை வெளிறி நார்நாராகப் பிரிவது அதனால்தான்.

செத்த மரத்தைத் தின்னும் இவற்றால் மாமரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் உயிருள்ள கிளையில் இளஞ்சிவப்பாகப் பொருக்கு படிந்து, நுனி வாடினால் அது வேறு இனம்: இளஞ்சிவப்பு நோய். பொருக்குக்குக் கீழே நல்ல பகுதியில் 15 செ.மீ. சேர்த்து வெட்டி எரித்துவிட்டு, வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசை தடவுங்கள். பசைக்கு, 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் நீரிலும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் பளபளப்பான கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே தடவிவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் குறையும்.

கேள்வி: சமைக்கலாமா?
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: வேண்டாம். தோல்போல மெல்லியது; சமைக்க அதில் சதையே இல்லை.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குப் பதப்படுத்துவது எப்படி?
– ஆசிரியை, ஆலங்காயம்

பதில்: காப்புக்காட்டில் அனுமதியின்றி எதையும் எடுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் புளி, மாமரத்தின் விறகுக் குவியலே போதும். புதிதாகப் படர்ந்த பொருக்கை மரப்பட்டையோடு 2 செ.மீ. துண்டாகச் செதுக்கி எடுங்கள். காய்ந்தால் நிறம் மங்கும், ஆகவே நிறம், மணம், மரம், தேதியை உடனே எழுதிவிடுங்கள்.

வித்துப் பதிவுக்கு, அதாவது உதிரும் வித்துகளைக் கண்ணாடியில் படியவைத்துப் பார்க்க, துண்டைக் கண்ணாடித் தகட்டின்மேல் இரண்டு தீக்குச்சிகளை வைத்து அவற்றின்மேல் கவிழ்த்து, பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்து டம்ளரால் மூடுங்கள். மறுநாள் தகட்டைக் கறுப்புத் தாளின்மேல் வைத்தால் வெண்படலம் தெரியும். துண்டு கண்ணாடியைத் தொட்டால் பதிவு கலைந்துவிடும். பழைய பொருக்கானால் எதுவுமே உதிராது.

மீதியை நிழலில், மின்விசிறிக் காற்றில் மொறுமொறுப்பாகும்வரை காயவிட்டு, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பச்சைப் பூசணம் பிடிக்கும். வண்டு அரிக்காமலிருக்க, உறையை பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி ஒரு வாரம் ஃப்ரீஸரில் வைத்தெடுங்கள். டப்பாவின் குளிர் முழுதும் விட்டபிறகே திறக்கவும்.