குரங்கு மூஞ்சிக் கூடு

அன்புள்ள ஐயா,

பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தின்று வளர்வது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. கிளையை வெட்டப் போனால், குரங்கு மூஞ்சி மாதிரி ஒரு கூடு! கண், மூக்கு எல்லாம் இருந்தன. மாமியார் பயந்துபோய்த் தூர எறியச் சொன்னார். நான் பாட்டிலில் போட்டு வைத்தேன். எட்டாம் நாள் சின்னதாய் ஒரு பட்டாம்பூச்சி வந்தது. ஆனால் கிளையில் ஓர் இலைகூடக் கடிபடவில்லையே, புழு எதைத் தின்றது?

எஸ்., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள எஸ்.,

நான் எழுதியது தப்பு. ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல் போட்டிருக்க வேண்டும். உங்கள் புழு தின்றது மாவுப்பூச்சியை.

இந்தப் பட்டாம்பூச்சிக்கு ஆங்கிலத்தில் ஏப்ஃபிளை என்று பெயர், அறிவியலில் ஸ்பால்கிஸ் எபியஸ். இந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்காசியா வரை உண்டு. சிறகு விரித்தால் 2 முதல் 3 செ.மீ. மேலே பழுப்பு, அடியில் சாம்பலில் மெல்லிய அலைக்கோடுகள். அழகுக்காக யாரும் திரும்பிப் பார்க்கிற பூச்சி அல்ல.

அதன் பிழைப்புதான் விசேஷம். தாய் மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவிலேயே முட்டையிடும். பொரிந்த புழு அங்கேயே மேய ஆரம்பித்துவிடும். இரையின் வெள்ளை மாவையே தன் முதுகிலும் அப்பிக்கொள்ளும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நிற்கும் அல்லவா? அந்தக் காவலுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் இவ்வளவும். பட்டியில் கிடா நடுவே நரி படுத்திருக்கிற மாதிரி. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை மூன்றரை வாரம் போல ஆகும்.

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது உங்கள் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. அதை அடக்கியது 2010-ல் பியூர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்த பொடிக் குளவி. ஆனால் அந்த அந்நியப் பூச்சியையும் நம் ஏப்ஃபிளைப் புழு தின்னப் பழகிக்கொண்டது. மருந்தடித்த தோட்டங்களில் புழுவும் சேர்ந்தே செத்திருக்கும்.

ஜப்பானில் இதற்கு ஒரு பங்காளி உண்டு, தாராகா ஹமாடா. மூங்கிலில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை அதன் புழு தின்னும். இறக்கையின் அடிப்பக்கம் வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள்; கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ பலகை ஆட்டத்தின் காய்களை வைத்து அங்கே பெயரிட்டிருக்கிறார்கள்.

குரங்கு முகம் பறவைகளை மிரட்டத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. துவரம்பருப்பு அளவு குரங்குக்கு எந்தக் குருவி பயப்படும்? முகத்தைத் தேடிப் பார்ப்பது நம் கண்ணின் பழக்கம். பறவைக்கு அது எச்சமாகவோ காய்ந்த மொட்டாகவோ தெரியலாம்.

காலிக் கூடு பாட்டிலில் இருந்தால், விரல் நகத்தோடு சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரிதாக்கிய படங்களையே பார்த்துப் பழகியவர்கள், அதை உள்ளங்கை அகலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.