‘கிராண்ட் பிரீ’ படமும் புளூ-ரேயும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

1966-இல் ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய கார் பந்தயப் படம் ‘கிராண்ட் பிரீ’. அதைப் பற்றியும் அதன் டிஸ்க்குகளைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வாடகை கேசட் காலத்திலிருந்து இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

கேள்வி: அது ‘கிராண்ட் பிரிக்ஸ்’ இல்லையா சார்?

பிரெஞ்சுச் சொல். கடைசி எழுத்தை உச்சரிப்பதில்லை. ஆனால் கடையில் ‘பிரிக்ஸ்’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு ரேஸ் அவ்வளவாகத் தெரியாது. மூன்று மணி நேரம் உட்கார முடியுமா?

கதை சுருக்கமாக இதுதான். ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் நான்கு பேர், ஒரு சீசன். அமெரிக்கராக வரும் ஜேம்ஸ் கார்னர் மொனாக்கோவில் காரோடு துறைமுகத் தண்ணீரில் விழுகிறார். அதே விபத்தில் சக ஓட்டுநர் பிரையன் பெட்ஃபோர்டுக்குப் பலத்த அடி. கார்னருக்கு வேலை போகிறது, ஒரு ஜப்பானிய முதலாளி சேர்த்துக்கொள்கிறார். ஃபெராரி அணியில் களைத்துப்போன மூத்த சாம்பியனாக ஈவ் மோந்தான், துடுக்கான இளைஞராக அந்தோனியோ சபாத்தோ. இடையிடையே வரும் காதல் காட்சிகள் இழுவைதான், மறைப்பதற்கில்லை. அந்த நேரத்தில் காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். பந்தயம் தொடங்கியதும் எழுந்து போக மாட்டீர்கள்.

கேள்வி: கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் அந்தக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள்?

நிஜமாக ஓட்டித்தான் எடுத்தார்கள். அன்றைய ஹாலிவுட்டில் கார் காட்சி என்றால், ஸ்டூடியோவில் காரை நிறுத்தி ஆட்டிவிட்டுப் பின்னால் திரையில் சாலையை ஓடவிடுவார்கள். ஃபிராங்கன்ஹைமர் அதைத் தொடவே இல்லை. கனமான 70 எம்.எம். கேமராக்களைக் கார்களிலேயே பொருத்தினார். 1961 உலக சாம்பியன் ஃபில் ஹில்லை ஒரு ஃபோர்டு ஜிடி40 ரேஸ் காரில் உட்கார வைத்து, அதைக் கேமரா காராக ஓட்டச் சொன்னார். நடிகர்கள் ஓட்டியவை ஃபார்முலா ஒன் போலத் தோற்றம் மாற்றிய, அதைவிடச் சிறிய ஃபார்முலா 3 கார்கள். கார்னர் தன் காட்சிகளில் தானே ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். பெட்ஃபோர்டுக்குக் கார் ஓட்டவே தெரியாது. விபத்துக் காட்சிகளில் பொம்மையை உட்கார வைத்த காரை, வாயுவால் இயங்கும் பீரங்கி போன்ற ஒரு குழாயிலிருந்து சுட்டுத் தள்ளினார்கள்.

கூட்டமும் நிஜம். 1966-இல் நடந்த அசல் பந்தயங்களுக்கே படக்குழு போய் எடுத்தது. அந்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயக் களத்தில் முதல் சுற்றிலேயே மழை பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய பாதிக் கார்கள் போட்டியை விட்டு வெளியேறின. அன்று எடுத்த காட்சிகளும் படத்தில் இருக்கின்றன.

ஒரு சின்ன தந்திரம் சொல்கிறேன். பெட்ஃபோர்டின் ஹெல்மெட்டைச் சுற்றி ஒரு கட்டம்போட்ட ஸ்காட்லாந்துப் பட்டை இருக்கும். அது நிஜ ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் ஹெல்மெட் அடையாளம். ஸ்டூவர்ட் நிஜப் பந்தயத்தில் ஓட்டும் காட்சியை அப்படியே எடுத்து, கதாபாத்திரம் ஓட்டுவதாக ஒட்டிவிட்டார்கள்.

கேள்வி: யமுரா என்று ஒரு கார் கம்பெனி உண்டா?

கிடையாது. படத்தில் கார்னரைச் சேர்த்துக்கொள்ளும் ஜப்பானிய முதலாளியின் அணி அது, ஹோண்டாவை மனத்தில் வைத்து உண்டாக்கிய பெயர். திரையில் யமுராவாக ஓடுவது ஒரு மெக்லாரன் கார்! ஓட்டுநர் புரூஸ் மெக்லாரன் சொந்த அணியோடு ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் பந்தயம் 1966 மொனாக்கோ. படத்துக்காக அந்தக் காருக்கு வெள்ளை பூசி, பச்சைக் கோடு போட்டுக் களமிறக்கினார்.

கேள்வி: ஜப்பானிய முதலாளியாக வரும் தோஷிரோ மிஃபூனேயின் ஆங்கிலம் அவர் குரலா?

இல்லை. பால் ஃபிரீஸ் என்ற குரல் கலைஞர் பேசியது. உதடு சேராமல் போவதைக் கவனித்தால் தெரியும்.

கேள்வி: இத்தாலி, இங்கிலாந்து எல்லாம் வருகிறது. ஜெர்மனி மட்டும் ஏன் ஒப்புக்கு வருகிறது?

நடிகர் ஸ்டீவ் மெக்வீனுக்காக இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸ் அதே நேரத்தில் ஒரு போட்டிப் படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயக் களத்தில் படமெடுக்கும் உரிமையை அவர்கள் தரப்பு வாங்கி வைத்திருந்தது. கடைசியில் அந்தப் படம் வரவே இல்லை. மெக்வீனின் பந்தய ஆசை 1971-இல் ‘லெ மான்’ படத்தில்தான் தீர்ந்தது. அதுவும் நல்ல படம், ஆனால் பேச்சே இருக்காது. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ‘கிராண்ட் பிரீ’க்கு.

கேள்வி: எந்த டிஸ்க்கை வாங்குவது? பழைய டிவிடி மலிவாகக் கிடைக்கிறது.

வார்னர் நிறுவனம் 2006-இல் இரண்டு தட்டு டிவிடி போட்டது. அதே ஆண்டு, புளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடி வடிவத்திலும் வந்தது. அந்த வடிவத்தையே 2008-இல் தோஷிபா கைகழுவிவிட்டதால், யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள், ஓட்டுவதற்கு பிளேயர் தேடி அலைய வேண்டும். 2011-இல் வந்த புளூ-ரேதான் என் பரிந்துரை.

காரணம் இருக்கிறது. நம் ஊரில் 70 எம்.எம். என்று போஸ்டர் ஒட்டிய பல படங்கள் 35 எம்.எம்.மில் எடுத்துப் பெரிதாக்கியவை. ‘ஷோலே’யே அப்படித்தான். ‘கிராண்ட் பிரீ’யின் நெகடிவே 65 எம்.எம்., அதாவது 70 எம்.எம். திரைப்பிரதிக்கென்றே எடுத்தது. தூரத்து மேல்மாடியில் நிற்பவரின் முகம்வரை பதிவாகியிருக்கிறது. டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த காட்சிக் கோவைகளில் ஒரே பிம்பம் நான்காக, பதினாறாக, இன்னும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரியும். டிவிடியில் அந்தக் கட்டங்கள் கூழாகிவிடுகின்றன, புளூ-ரேயில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

கூடவே வரும் ஆவணப்படங்களையும் விட்டுவிடாதீர்கள். படம் உருவான கதை ஒன்று, அறுபதுகளின் ஃபார்முலா ஒன் பற்றி ஒன்று. இரண்டாவதை நான் படத்துக்குச் சமமாக மதிக்கிறேன்.

கேள்வி: 55 அங்குல டிவி வாங்கியும் மேலே கீழே கறுப்புப் பட்டை. ஜூம் செய்துவிட்டேன், பரவாயில்லையா?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.2 மடங்கு, உங்கள் டிவி 1.78. பட்டை வரத்தான் செய்யும். அந்தக் காலக் கேசட்டில் சதுரத் திரைக்காக இரண்டு பக்கமும் வெட்டியதில் நாற்பது சதவீதப் படம் போய்விட்டது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். முந்துகிற கார் தெரியும், முந்தப்படுகிற கார் திரைக்கு வெளியே இருக்கும். யார் ஜெயிக்கிறார்கள் என்றே புரியாது.

கேள்வி: என் ஐரோப்பிய டிவிடியில் 169 நிமிடம்தான் இருக்கிறது. 176 என்கிறார்களே. வெட்டிவிட்டார்களா?

வெட்டவில்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்கள், ஐரோப்பாவின் பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடி 25 ஓட்டும். அதில்தான் ஏழு நிமிடம் மிச்சமாகிறது. வேறு படமாக இருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கே எஞ்சின் சத்தமும் நான்கு சதவீதம் ஏறிக் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். புளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: போட்டதும் வெறும் இசைதான் ஓடுகிறது, படம் தொடங்கவில்லை. டிஸ்க் பழுதா?

பழுது இல்லை. தியேட்டரில் ஜனங்கள் வந்து உட்காரும்வரை வாசிக்கும் முன்னிசை அது. மோரிஸ் ஜார் இசை. நடுவில் இடைவேளையும் உண்டு. ஹாலிவுட் படத்தில் இடைவேளையா என்று சந்தேகம் வேண்டாம், அது நம்முடையதைப் போலத் திணித்தது அல்ல.

கேள்வி: நிஜத்திலும் அவ்வளவு ஆபத்தாகவா இருந்தது, அல்லது சினிமாவுக்காகவா?

சொல்லப்போனால் படம் குறைத்துத்தான் காட்டுகிறது. நான் மேலே சொன்ன ஸ்பா மழையில் ஸ்டூவர்ட்டும் சறுக்கி, பெட்ரோல் கொட்டிய காருக்குள் சிக்கிக்கொண்டார். அவரை வெளியே இழுத்தவர்கள் களத்தின் பாதுகாப்புப் பணியாளர்களான மார்ஷல்கள் இல்லை, சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்டும். இந்த கிரஹாம் ஹில் படத்தில் நடித்தும் இருக்கிறார். படம் வெளியான அடுத்த மே மாதம், ஃபெராரி ஓட்டுநர் லொரென்சோ பண்டினி மொனாக்கோவில் துறைமுகத்தை ஒட்டிய வளைவில் மோதி, தீக்காயத்தில் இறந்தார். கார்னர் தண்ணீரில் விழுவதும் அதே பக்கம்தான். மொனாக்கோ காட்சியைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

இறுதிக் காட்சியில் வரும், இத்தாலியின் மோன்சா களத்துச் சாய்வான ஓடுபாதை மட்டும் சினிமாவுக்காக. ஃபார்முலா ஒன் அதை 1961-உடன் விட்டுவிட்டது.

கேள்வி: புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறேன். எந்தக் காட்சியைப் போட்டுப் பார்க்கலாம்?

முன்னிசை முடிந்ததும் வரும் டைட்டில். இருட்டான ஒரு புகைக்குழாய் திரை முழுக்க நிற்கும், அப்புறம் எஞ்சின் உறுமும். படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒலி விளைவு என மூன்று ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி மூன்றையும் வாங்கிய படம் இது. அதில் இரண்டு சத்தத்துக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் வேண்டாம், மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார். என் வீட்டில் வந்தார். வந்தவர் இடைவேளை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.