கண்ணாடித் தொட்டிக்குள் ஓடை: வாசகர் கேள்வி – பதில்

செடிகளும் சிறு குளமும் வைத்த 60×45×45 சென்ரிமீற்றர் தொட்டியில், குளத்துத் தண்ணீரைப் பம்பால் மேலே ஏற்றி ஓடவிடுவதற்காக, ஸ்ப்ரே ஃபோம் (அடித்ததும் பொங்கி இறுகும் நுரை) அடித்து, செதுக்கி, சிலிக்கன் தடவி, அதன்மேல் தும்புத்தூள் ஒட்டி ஓடை செய்தோம். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மண் முழுக்கச் சேறு, செடிகளின் வேர் அழுகுகிறது, குளத்தில் தண்ணீர் தினமும் குறைகிறது. தொட்டிக்கு வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை. ஓட்டை எங்கே?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

ஓட்டையே இல்லாமலும் இருக்கலாம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல, ஓடைக்கரையில் ஒட்டிய தும்புத்தூள் தண்ணீரை மேலே இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். கரையைத் தாண்டி மண்ணைத் தொடும் பாசியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இழுபட்ட தண்ணீர் மண்ணுக்கு அடியிலுள்ள வடிகால் அடுக்கில் தேங்கி நிற்கும்.

முதலில் ஒரு சோதனை. பம்பை நிறுத்துங்கள். ஓடைத் தண்ணீர் இறங்கி முடிய அரை மணி நேரம் விட்டு, குளத்து மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். 24 மணி நேரத்தில் மட்டம் அப்படியே நின்றால் கோளாறு ஓடையில். தொடர்ந்து இறங்கினால் குளத்துச் சுவரில்.

ஓடைதான் என்றால், இரு கரையிலும் 3 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மண்ணை அள்ளிவிட்டு, 5 முதல் 8 மில்லிமீற்றர் பருமனுள்ள கழுவிய கல்லைப் போடுங்கள். பெரிய இடைவெளிகளினூடாகத் தண்ணீர் அதிகம் ஏறாது. கரையின் விளிம்பு ஓடும் தண்ணீருக்கு மேல் 2 சென்ரிமீற்றராவது உயர்ந்து, தும்பு இல்லாத வழுவழுப்பான சிலிக்கனாக இருக்க வேண்டும். பல சமயம் இதுவே போதும்.

ஆனால் உங்கள் ஓடை நீண்டகாலம் நிற்கும் என்று சொல்ல மாட்டோம். ஃபோமைச் செதுக்கும்போது அதன் மேல்தோல் போய், உள்ளே உள்ள துளைகள் திறந்துவிடுகின்றன. ஈரச் சிலிக்கனில் அழுத்திய தும்பு இழைகள் சில அந்தப் படலத்தைத் துளைத்து ஃபோமைத் தொடும். அப்படிப்பட்ட ஒவ்வோர் இழையும் ஒரு திரிதான். குளத்துக்கு அடியில் ஃபோம் இருந்தால் இன்னொரு தொல்லை: முழுக அமிழ்ந்த ஒரு லீற்றர் ஃபோம், ஏறக்குறைய ஒரு கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். நாளடைவில் கண்ணாடியிலிருந்து உரிந்துவிடும்.

மீண்டும் செய்வதானால், தண்ணீரைத் தாங்கும் வேலையைக் கண்ணாடிக்குக் கொடுங்கள். ஃபோம் ஒப்பனைக்கு மட்டும். 5 மில்லிமீற்றர் கண்ணாடியில் 40×8 சென்ரிமீற்றர் அடித்துண்டு ஒன்று, 40×4 பக்கத்துண்டுகள் இரண்டு, பின்பக்கம் அடைக்க ஒன்று வெட்டுவித்து, வாய்க்கால்போல் ஒட்டுங்கள். பழைய சோனகத் தெருக் கடைகளில் சிலிக்கன் வாங்கும்போது குளியலறைக்கென்று பூஞ்சண எதிர்ப்பு மருந்து சேர்த்ததைத் தவிர்த்து, மீன்தொட்டிக்கானதைக் கேளுங்கள். காயும்போது வினாகிரி வாடை வரும் வகை கண்ணாடிக்கு நன்று. சீமெந்தோடு அது சரியாக ஒட்டாது. ஒட்டும் இடத்தை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். காய்ந்த பழைய சிலிக்கன்மேல் புதியது பிடிக்காது, பிளேடால் முற்றாகச் சுரண்டிய பிறகே பூச வேண்டும்.

ஒரு வாரம் காயவிட்டு, வாயைத் தற்காலிகமாக அடைத்து, தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் கடதாசியின்மேல் வையுங்கள். கடதாசி நனையாவிட்டால் தொட்டிக்குள் 2 முதல் 3 சென்ரிமீற்றர் சரிவில் பொருத்தி, சுற்றிலும் ஃபோம் அடியுங்கள். ஃபோமை ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் உட்பகுதி நாள்கணக்கில் காயாது. மெல்லிய அடுக்குகளாக அடிப்பதே சரி.

பம்ப் பெட்டியில் மணிக்கு 300 லீற்றர் என்று இருக்கிறது. ஓடையில் நூல்போலத்தான் வருகிறது. கரண்ட் போனால் குளம் நிரம்பி மண்ணுக்குள் வழிகிறது.
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

அந்த 300, தண்ணீரை உயர்த்தாமல் ஓடவிட்டால் கிடைக்கும் அளவு. பெட்டியில் அதிகபட்ச உயரம் என்று இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது 0.6 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 45 சென்ரிமீற்றர் ஏற்றினால் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். ஏற்றும் உயரத்தைப்போல் இரு மடங்காவது தாங்கும் பம்பை வாங்கி, மிஞ்சினால் வெளிவரும் குழாயில் வால்வு வைத்துக் குறையுங்கள். உள்ளிழுக்கும் பக்கத்தை நெரிக்க வேண்டாம்.

வழிவதற்குக் காரணம் கணக்கு. 40×8 சென்ரிமீற்றர் ஓடையில் 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 640 மில்லிலீற்றர். பம்ப் நின்றதும் அதில் பெரும்பகுதி குளத்துக்கு வரும். குளத்தின் பரப்பு 25×20 என்றால் மட்டம் 1.3 சென்ரிமீற்றர்வரை உயரும். குழாய்த் தண்ணீரும் சேரும். ஆகவே பம்ப் ஓடும்போது விளிம்புக்குக் கீழே 3 சென்ரிமீற்றர் காலியாக இருக்கட்டும்.

பம்பை மண்ணுக்குள்ளோ ஃபோமுக்குள்ளோ புதைத்திருந்தால் உடனே வெளியே எடுங்கள். 110 மில்லிமீற்றர் பிவிசி பைப் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியில் வாளால் கீறல்கள் போட்டு, வெளியே ஸ்பொஞ்ச் சுற்றி, அதற்குள் பம்பை இறக்குங்கள். மாதம் ஒருமுறை தூக்கி உள் விசிறியில் சிக்கிய தும்பை எடுக்கலாம். பிளக்குக்குப் போகும் வயர் ஓரிடத்தில் பிளக்கைவிடக் கீழே தொங்கி மேலேற வேண்டும். வயர் வழியே வரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத சுற்றில் இதை மாட்டவே கூடாது.

டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் இதைப் பார்த்தால்?
– தெஹிவளை வாசகி

பார்த்தால் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். ஓடும் தண்ணீரை ஈடிஸ் நுளம்பு விரும்பாது. ஆனால் குளத்தின் மூலைகள் அசையாமல் நிற்கும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய் பம்ப் நின்றிருந்தால், முட்டை நுளம்பாவதற்கு அந்த அவகாசமே போதும். மூடிக்கு 1 மில்லிமீற்றர் வலை போடுங்கள். குளம் 10 லீற்றருக்கு மேல் இருந்தால் நாலைந்து கப்பி மீன் விடலாம். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது: ஈடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் கோட்டை வாரம் ஒருமுறை பிரஷால் தேய்த்துவிடுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா? தோட்டத்துத் தவளையை விடலாமா?
– பம்பலப்பிட்டி வாசகர்

இரண்டும் வேண்டாம். ஏசித் தண்ணீர் செப்புக் குழாயில் படிந்து வருவது. சிறிதளவு செப்பும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. ஆவியாகி உப்புப் படியும் தொட்டிக்கு மழைத் தண்ணீரே நல்லது, கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். நம் நாட்டுத் தவளையினங்கள் பலவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பிடித்து அடைக்காதீர்கள். உள்ளூர் உயிர் ஒன்று இருக்க வேண்டுமென்றால், இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்டி என்ற நீர்ச்செடியை, பண்ணையில் வளர்த்ததாகப் பார்த்து, குளத்துக் கரையில் நடுங்கள். நட்டதும் இலையெல்லாம் கரைந்து போகலாம். பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும்.