பிரம்பைத் திருப்பிக் கேட்கும் ஆசிரியருக்கு

கேள்வி: பல ஆண்டுகளாக ஆசிரியர் வேலையில் இருக்கிறேன். நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம். யாரும் கெட்டுப் போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறோம். இன்று பிரம்பைத் தொட்டாலே குற்றம் என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போய், எதிர்த்துப் பேசுகிறார்கள், மிரட்டுகிறார்கள். பெற்றோரே வந்து 'அடித்துத் திருத்துங்கள்' என்கிறார்கள். சிங்கப்பூர் மாதிரி முன்னேறிய நாட்டிலேயே பள்ளியில் பிரம்படி இருக்கிறது. அளவோடு அடித்துத் திருத்த ஆசிரியருக்கு உரிமை கொடுத்தால் என்ன தப்பு?
- பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியர்

பதில்: தப்புதான். வகுப்பு கைமீறிப் போகிறது என்ற உங்கள் வருத்தம் உண்மையானது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அதற்கு மருந்தாக நீங்கள் கேட்பதை எந்த ஆசிரியர் கையிலும் கொடுக்கக் கூடாது.

அளவோடு என்கிறீர்கள். அந்த அளவை யார் பார்ப்பது? பிரம்பை எடுக்கும் நேரத்தில் ஆசிரியர் எரிச்சலில் இருப்பார். முந்தைய வகுப்பில் நடந்தது, தலைமை ஆசிரியர் சொன்னது, வீட்டுக் கவலை எல்லாம் அந்தக் கையில் வந்து சேர்ந்துகொள்ளும். 'லேசாகத்தான் வைத்தேன்' என்று சொல்லும் அறை காதில் பட்டால் செவிப்பறை கிழியவும் கூடும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பள்ளி மாணவன், ஆசிரியர் சொன்னதை உடனே செய்யவில்லை என்பதற்காக துடுப்பு போன்ற தட்டையான மரப் பலகையால் இருபதுக்கும் மேற்பட்ட அடி வாங்கினான். ரத்தம் கட்டிப்போய் பல நாள் பள்ளிக்குப் போக முடியாமல் கிடந்தான். இத்தனைக்கும் ஒன்று முதல் ஐந்து அடி என்பதுதான் அங்கே வழக்கமான அளவு. வழக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொடூரமான தண்டனைக்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பு குற்றவாளிகளுக்குத்தான், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று 1977-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். சிறையில் இருப்பவருக்கு உள்ள பாதுகாப்பு வகுப்பில் இருக்கும் சிறுவனுக்கு இல்லை என்று ஆனது. ஆசிரியரின் 'அளவு' எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

சிங்கப்பூரையும் சரியாகப் பாருங்கள். அங்கே பள்ளியில் பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளையும் வகுப்பு ஆசிரியர் நினைத்தபோதெல்லாம் அடித்துவிட முடியாது. முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அடிக்கலாம். நான் அதையும் ஏற்கவில்லை. ஆனால் பிரம்பை வைத்திருக்கும் அந்த நாடே வகுப்பறைக் கோபத்தை நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளியில் அடிப்பதைப் போலந்து 1783-லேயே தடை செய்துவிட்டது. நிறவெறி ஆட்சியிலிருந்து மீண்ட தென்னாப்பிரிக்கா, புதிய நாட்டுக்கான பள்ளிச் சட்டத்தை 1996-ல் எழுதியபோது அதிலேயே தடையையும் எழுதியது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பை வைத்துவிட்டு நாக்கை எடுப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

அப்புறம், 'நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்' என்பது. இதைச் சொல்பவர் யார்? அடியைத் தாங்கிக்கொண்டு படிப்பை முடித்தவர். அடிக்குப் பயந்து பாதியில் பள்ளியை விட்டவர் ஆசிரியராகி எனக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. உங்களோடு படித்து, ஏழாவதிலோ எட்டாவதிலோ காணாமல் போன முகங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

சரி, அடித்தால் அடுத்த நாள் பையன் ஒழுங்காக இருக்கிறானே, அது கண்ணால் பார்த்ததாயிற்றே என்பீர்கள். பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியல் அறிஞர் டேனியல் கானமன் இதற்கு விளக்கம் தருகிறார். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு அவர் வகுப்பெடுத்தபோது ஒரு பயிற்சியாளர் எழுந்து, 'நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான்' என்றார். அவர் கண்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு. யாருக்கும் ஒரு மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சுமாரான நாளாகவே இருக்கும், யாரும் திட்டாவிட்டாலும். மிக நன்றாகச் செய்த நாளுக்கு மறுநாளும் அப்படித்தான் கொஞ்சம் இறங்கும். நாம் மோசமான நாளில் அடிக்கிறோம், தானாக வந்த மாற்றத்தை அடியின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். பாராட்டினால் கெட்டுப்போவான் என்ற நம்பிக்கையும் இப்படி வந்ததுதான்.

அடி உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறது? மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2011-ல் வெளியானது. ஒரு பள்ளியில் பென்சிலை மறந்து வந்தால்கூட அடி, மற்றதில் அடி இல்லை. குழந்தையைத் தனியே விட்டு, பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். வேறுபாடு அதற்குப் பிறகுதான். 'பார்த்தாயா?' என்று கேட்டபோது, அடிக்கும் பள்ளியில் பார்த்துவிட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பார்க்கவில்லை என்று பொய் சொன்னார்கள். அடிக்காத பள்ளியில் அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். மேலும் கேள்வி கேட்டு மடக்கியபோதும் பொய்யை விடாமல் காப்பாற்றியது அடிபடும் குழந்தைகள்தான். நான்கு வயதில் இது. பத்தாண்டு அடி வாங்கிய பிள்ளை உங்கள் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தால், அது பாடத்தைக் கவனிக்கிறதா, உங்கள் கையைக் கவனிக்கிறதா?

எனக்கு மிகவும் கோபம் வருவது இன்னொன்றில். அடி எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. ஊரில் செல்வாக்குள்ளவர் பிள்ளை மேல் பிரம்பு எத்தனை முறை விழுந்திருக்கிறது? பள்ளி வாசலுக்கு வந்து கேள்வி கேட்க ஆள் இல்லாத பிள்ளைதான் எப்போதும் கை நீட்டி நிற்கிறது. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் தப்பாக எழுதும் குழந்தை, காது மந்தமானதால் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாட்டால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தை, இரவு சாப்பிடாமல் வந்து தூங்கி விழும் குழந்தை. இவர்களில் யாரை அடித்துத் திருத்துவீர்கள்? அடித்த மறுகணமே ஏன் என்று கேட்கும் வழி அடைபட்டுப்போகிறது. இனி அந்தப் பிள்ளை உங்களிடம் உண்மையைச் சொல்லாது.

இப்போது உங்கள் கஷ்டம். பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதில் நான் உங்கள் பக்கம். ஒரே அறையில் அறுபது பிள்ளைகளை அடைத்துவிட்டு, மனநல ஆலோசகரும் கொடுக்காமல், தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் பொறுமை போகும். உரிமை கேட்பதென்றால் சிறிய வகுப்பைக் கேளுங்கள், ஆலோசகரைக் கேளுங்கள், கண்ணும் காதும் சோதிக்கும் முகாமைக் கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் அதற்காகக் குரல் கொடுங்கள், இந்தப் பக்கத்திலும் இடம் தருகிறேன்.

அதுவரை வகுப்பில் செய்யக்கூடியதும் உண்டு. வகுப்பு விதிகள் நான்கைந்தாக இருக்கட்டும், மீறினால் என்ன ஆகும் என்பது முதல் நாளே தெரியட்டும், அது யார் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்கட்டும். கிழித்த புத்தகத்தை ஒட்டித் தரச் சொல்லுங்கள், கெடுத்த நேரத்துக்கு ஈடாகப் பின்னர் உட்கார்ந்து வேலையை முடிக்கச் சொல்லுங்கள். எதிர்த்துப் பேசுபவனை எல்லோர் முன்னாலும் அடக்கப் பார்க்காதீர்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதினான்கு வயதுப் பையன் பணிய மாட்டான். வகுப்பு முடிந்ததும் தனியே நிறுத்தி, 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள். முதல் நாள் பேச மாட்டான், மறுபடியும் கேளுங்கள்.

மிரட்டலோ கைகலப்போ வந்தால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான சண்டை இல்லை. அன்றைக்கே எழுத்தில் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள், பெற்றோரை வரவழையுங்கள், நிர்வாகம் நடவடிக்கை எடுக்கட்டும். உங்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது பள்ளியின் கடமை, அதைக் கேட்டு வாங்குங்கள். வந்த பெற்றோர் 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க' என்று சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையின் உடம்பு மேல் அப்படி ஓர் அனுமதி கொடுக்கப் பெற்றவருக்கும் உரிமை கிடையாது. அவர்களை உட்காரவைத்து, வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விசாரியுங்கள்.