விற்ற மீன் செத்தால் கடைக்காரரைக் கேட்கலாமா?

கேள்வி: பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். ஒரு மீன் கடையில் 320 ரிங்கிட்டுக்கு நான்கு டிஸ்கஸ் மீன்கள் வாங்கித் தொட்டியில் விட்டேன். மறுநாள் காலையிலேயே இரண்டின் துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரர் லேபிள் இல்லாத நீல மருந்து ஒன்றைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் நான்கும் செத்துவிட்டன. பழைய ஏஞ்சல் மீன்களுக்கும் புள்ளி வந்துவிட்டது. கேட்டால், "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்கிறார். ரசீதில் 'விற்ற மீன் திரும்பப் பெறப்படாது' என்று வேறு இருக்கிறது. பணம் கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, சகோதரி. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள்' என்பதில் மீனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஃபிரிட்ஜ் வாங்கினால் தரம் இருக்க வேண்டும் என்று சொல்லும் 32ஆம் பிரிவு, டிஸ்கஸுக்கும் பொருந்தும். ரசீதில் ஒரு வரி அச்சிட்டு அந்த உரிமையைப் பறிக்க முடியாது. 6ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை.

சரி, தண்ணீர்? வழக்கே இங்கேதான் நிற்கிறது. வெண்புள்ளி ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புகுந்து வளர்ந்து, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியச் சில நாள் பிடிக்கும். மறுநாளே தெரிந்தது என்றால், கடைத் தொட்டியிலிருந்தே வந்திருக்க வேண்டும். புது மீனுக்கு முதலில், பழைய மீனுக்குப் பிறகு என்ற வரிசையும் உங்கள் பக்கம்தான். அன்று கைப்பேசியில் எடுத்த படத்தில் தேதி இருக்கும், அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, அந்த நீல மருந்துப் புட்டி எல்லாம் வேண்டும்.

ஏஞ்சல் மீன்களுக்கான இழப்பையும் கேளுங்கள். ஆனால் புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் ஏன் விட்டீர்கள் என்று கடைக்காரர் கேட்பார். அந்தத் தொகை குறையலாம்.

முதலில் ஏழு நாள் தவணை கொடுத்து எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையா, பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வக்கீல் வாதாட முடியாது, நீங்களே பேசலாம். பயப்படாதீர்கள்.

அதற்குள் ஏஞ்சல் மீன்களைக் கைவிடாதீர்கள். லேபிள் உள்ள மருந்தாக வாங்கி, ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட்டுப் போடுங்கள். மீனின் உடம்புக்குள் அந்த ஒட்டுண்ணி இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் கொல்லும். அதனால் புள்ளி மறைந்தாலும் சில நாள் தொடருங்கள். மருந்துக்கான பில்லையும் கோரிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள்.