வயலினுக்குள் ஒட்டியிருக்கும் ஊர்

கேள்வி: அப்பா வாசித்த பழைய வயலினுக்குள் ‘மத்தியாஸ் க்ளோட்ஸ், மிட்டன்வால்ட்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆண்டு 17 என்று தொடங்குகிறது, மீதி அழிந்துவிட்டது. அக்டோபரில் மகன் வீட்டுக்கு ம்யூனிக் போகிறோம். இந்த ஊர் அங்கிருந்து பக்கம்தான் என்கிறான். வரைபடத்தில் ‘மார்க்ட் மிட்டன்வால்ட்’ என்று இருக்கிறதே, வெறும் சந்தையா? ஒரு நாள் ஒதுக்கலாமா? வயலினையும் கையோடு கொண்டுபோகட்டுமா? (கோயம்புத்தூர் வாசகி)

போய் வாருங்கள் அம்மா. வயலின் வீட்டிலேயே இருக்கட்டும். சீட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

‘மார்க்ட்’ என்றால் சந்தைதான். ஆனால் ம்யூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அது ஊரின் பட்டமும்கூட. சந்தை கூட்டும் உரிமை பெற்ற ஊர்கள் கிராமத்துக்கு ஒரு படி மேல், நகரத்துக்கு ஒரு படி கீழ். நம் ஊர்ப் பெயர்களில் ‘பேட்டை’ ஒட்டிக்கொண்டிருப்பது போல, அந்த உரிமைக்கு இன்று வேலை எதுவும் இல்லாவிட்டாலும் பட்டம் மட்டும் நிற்கிறது. பவேரியாவில் இப்படி முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு. பக்கத்து கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷன் எவ்வளவோ பெரிய ஊர், அதுவும் இன்றுவரை ‘மார்க்ட்’தான்.

மிட்டன்வால்ட் சின்ன ஊர். மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடாது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே, ஈசார் ஆற்றங்கரையில் இருக்கிறது. பின்னால் கார்வெண்டல் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஆஸ்திரிய எல்லை கூப்பிடு தூரம். வெனிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெர்மனிக்குப் போகும் பழைய வணிகப் பாதையில் இருப்பதுதான் இந்த ஊரின் ஜாதகம்.

1487-இல் அந்த ஜாதகத்தில் ஒரு யோகம் அடித்தது. டிரோல் நாட்டை ஆண்ட சிகிஸ்முண்ட் கோமகனுக்கும் வெனிஸுக்கும் தகராறு. அவர் ஆட்சியில் இருந்த போட்சன் என்ற ஊரின் சந்தைக்கு வந்த வெனிஸ் வணிகர்களை அவர் பிடித்து உள்ளே போட்டுவிட்டார். இனி அந்தப் பக்கமே வேண்டாம் என்று சந்தையே இடம் மாறியது. மிட்டன்வால்ட் டிரோலுக்கு வெளியே, ஃப்ரைசிங் ஆயரின் ஆட்சியில் இருந்ததால் அதற்கு அடித்தது அதிர்ஷ்டம். 1679 வரை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், போட்சன் சந்தை இங்கேதான் கூடியது. தெற்கிலிருந்து வந்த சரக்கு இங்கே இறங்கி, கிடங்கில் தங்கி, உள்ளூர்க்காரர்களின் வண்டியில் ஏறியாக வேண்டும். அந்த வண்டியோட்டும் உரிமையை ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். இன்னொரு பங்குச் சரக்கு மரக்கட்டைகளைப் பிணைத்த தெப்பங்களில் ஏறி ஈசார் ஆற்றோடு ம்யூனிக் போனது. மலபாரிலிருந்து வெனிஸ் வந்த மிளகில் கொஞ்சமாவது இந்தக் கிடங்கில் ஓரிரவு தூங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மூட்டைக் கிடங்கின் பெயரில் ‘பாலென்ஹவுஸ்காஸ’ என்று ஒரு சந்து இன்னும் இருக்கிறது. பெயரை நினைவில் வையுங்கள், அங்கே வேலை இருக்கிறது.

1679-இல் சந்தை போட்சனுக்கே திரும்பிப் போய்விட்டது. சில ஆண்டுகளில் மத்தியாஸ் க்ளோட்ஸ் (1653–1743) இத்தாலியிலிருந்து தொழில் கற்று வந்து ஊரைக் காப்பாற்றினார் என்று கதை சொல்வார்கள். சினிமா மாதிரி அழகாக இருக்கிறது, பாதி சரிதான். அவர் பதுவா நகரில் லூட் என்ற தந்தி வாத்தியம் செய்யும் பியெத்ரோ ராய்லிக்கிடம் வேலை பார்த்தது 1678-ஆம் ஆண்டுச் சான்றிதழால் உறுதி. பெரிய பெரிய இத்தாலிய மேதைகளிடம் கற்றார் என்பதெல்லாம் பின்னால் கட்டிய கதை. ஆனால் ஓர் ஆள் ஊரைக் காப்பாற்றிவிட முடியாது. குளிரில் மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையங்கள் கொண்ட ஸ்ப்ரூஸ் மரமும், முதுகுப் பலகைக்கான மேப்பிளும் சுற்றிலும் மலையில் இருந்தன. விற்கப் பழைய சந்தைப் பாதை இருந்தது. முதுகுச் சட்டத்தில் வயலின்களைக் கட்டிக்கொண்டு மடங்களுக்கும் சந்தைகளுக்கும் நடந்தே போய் விற்றவர்கள் இருந்தார்கள். சரக்கு தங்கிப் போன ஊர், தானே சரக்கு செய்ய ஆரம்பித்தது, அவ்வளவுதான். க்ளோட்ஸின் மகன்களும் பேரன்களும் இதே தொழிலில் இருந்தார்கள். மகன்களில் செபாஸ்டியானுக்குப் பெயர் அதிகம். சால்ஸ்பர்க்கில் காப்பாற்றி வைத்திருக்கும் மோட்சார்ட்டின் கச்சேரி வயலினும் இந்தக் குடும்பத்தின் வேலை என்றே சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் சீட்டு. 19-ஆம் நூற்றாண்டில் தொழில் மொத்த வியாபாரிகள் கைக்குப் போனது. ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடம்பு, மூன்றாவது வீட்டில் வார்னிஷ், எல்லாம் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. அப்படி வந்த வயலின்களில் விலை போகும் பெயரை அச்சடித்து ஒட்டினார்கள். ‘க்ளோட்ஸ்’ என்பது அப்படி ஒட்டிய பெயர்களில் ஒன்று. அன்று அதை யாரும் மோசடியாக நினைக்கவில்லை, ‘இந்த மாதிரியில் செய்தது’ என்று பொருள். அதனால் 17 என்று தொடங்கும் ஆண்டு எதையும் நிரூபிக்காது. சீட்டில் ஆங்கிலத்தில் ‘ஜெர்மனி’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் போட்ட சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்திய ஏற்றுமதி வயலின்தான்.

விவரம் தெரிந்தவர் சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். பகல் வெளிச்சத்தில் ஆறு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, தலைச் சுருளின் இரண்டு புறம், அப்புறம் அடிப்பகுதி. அடிப்பகுதி முக்கியம். தந்திகளை இழுத்துப் பிடிக்கும் பொத்தான் இருக்கும் இடத்தில் பக்கவாட்டுப் பலகை ஒரே துண்டாக வளைகிறதா, நடுவில் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மிட்டன்வால்ட் வேலையில் ஒரே துண்டாக வருவது வழக்கம். கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் மார்க்னொய்கிர்ஷன் என்றொரு ஊர் இருக்கிறது, உலகம் முழுக்கப் போன மலிவு வயலின்களில் பெரும்பங்கு அங்கே செய்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல உதவும் அடையாளங்களில் இது ஒன்று. ஒன்றே போதாது, சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். சீட்டை ஏழாவது படமாக மேல்பலகையில் ‘எஃப்’ எழுத்து வடிவில் இருக்கும் இடது துளை வழியாக டார்ச் அடித்து எடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

வயலினை ஏன் கொண்டுபோக வேண்டாம் என்கிறேன் என்றால், கோயம்புத்தூர் ஈரத்தில் பழகிய பழைய மரத்தை ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் வைத்தால் ஒட்டு விடும், மேல்பலகை விரிசல் விடும். விமானத்தில் அதைக் கையோடு ஏற்றப் போடும் சண்டை வேறு. ஊரில் வயலின் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் படங்களோடு போனால் பேச்சு நன்றாக ஓடும்.

ஒரு நாள் போதும். ம்யூனிக் தலைமை ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பவேரியா டிக்கெட் என்ற ஒருநாள் பயணச்சீட்டு ஒன்றில் ஐந்து பேர் வரை போகலாம், வேலைநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சில ரயில்கள் கார்மிஷில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு பக்கம் போகும். உங்கள் பெட்டி மிட்டன்வால்ட் போகிறதா என்று ஏறும்போதே பலகையில் பாருங்கள், மகன் உடன் இருந்தாலும் பாருங்கள்.

இறங்கியதும் ஓபர்மார்க்ட் தெரு. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்களில் புனிதர்கள், தூண்கள், பொய்ச் சன்னல்கள் என்று ஓவியம் எழுதியிருப்பார்கள். சந்தைக் காசும் பக்தியும் சேர்ந்த அலங்காரம். 1786 செப்டம்பரில் இத்தாலி போகும் வழியில் ஜெர்மன் கவிஞர் கதே இங்கே ஓரிரவு தங்கினார். தெருக்கோடியில் பீட்டர்-பால் தேவாலயம், அதன் கோபுரத்திலும் ஓவியம். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், மத்தேயுஸ் குந்தரின் கூரை ஓவியம். வெளியே க்ளோட்ஸ் சிலை, 1890-இல் வைத்தது. வயலின் அருங்காட்சியகம் அந்த மூட்டைக் கிடங்குச் சந்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமையைத் தவிருங்கள். 1858-இல் தொடங்கிய வயலின் செய்யும் பள்ளி இன்றும் நடக்கிறது, ஆனால் அது வகுப்பு நடக்கும் இடம், நினைத்தவுடன் உள்ளே விடமாட்டார்கள்.

வானம் தெளிவாக இருந்தால் 2,244 மீட்டர் உயரத்துக்குப் போகும் கார்வெண்டல் கேபிள் காரில் ஏறுங்கள். மேகம் மூடியிருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடித்து, அருங்காட்சியகத்தில் இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள். அங்கே பழைய மிட்டன்வால்ட் வயலின்களின் தலைச் சுருளை நன்றாகப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் அப்பாவின் வயலின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.